காணாச் சரக்கும் இணைய ஏலமும்

ஏலம் என்பது தமிழ்ச் சொல் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாயசத்தில் போடும் ஏலம் நம்முடையதுதான். சந்தையில் கூவும் ஏலம் அப்படியல்ல. போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ என்ற சொல்லே அதன் மூலம் எனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. முதலில் இருந்த லகரம் நம் வாயில் உதிர்ந்துவிட்டது. மலையாளத்தார் ‘லேலம்’ என்று அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வடநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் தெருவில் கேட்கும் ‘நீலாம்’, மராட்டியரின் ‘லிலாவ்’ எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கும் அடியில் ஓர் அரபுச் சொல் இருக்கிறது. அதற்கு ‘அறிவித்தல்’ என்று பொருள்.

அறிவிப்பவன் எவ்வளவு கூவினாலும், அவன் வாயை மட்டும் நம்பி யாரும் கேள்வி கேட்டதில்லை. சரக்கு எதிரே கிடக்கும். தட்டிப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம். பாத்திரக் கடையில் பித்தளைக் குடத்தைச் சுண்டி ஓசை கேட்காமல் விலை பேசுகிறவரை இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் பார்த்ததே இல்லை. தொட்டுப் பார்க்கும் இந்த உரிமை ஏலத்திலிருந்து எப்போது விலகியது, அதனிடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்பதைத்தான், மலையேற்றம், முகாம் வாழ்க்கைக்கான சாமான்களை உதாரணமாக வைத்து இங்கே எழுத முற்படுகிறேன்.

1995 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் பியர் ஒமிடியார் என்பவர் ‘ஆக்‌ஷன் வெப்’ என்ற பெயரில் ஓர் இணைய ஏலக் கூடத்தைத் திறந்தார். 1997இல் அதற்கு ‘இ-பே’ என்று பெயர் மாறியது. அங்கே முதலில் விலை போனது ஓர் உடைந்த லேசர் விளக்கு. 14 டாலர் 83 சென்ட். உடைந்ததுதான் என்று தெரியுமா என்று வாங்கியவரைக் கேட்டதற்கு, உடைந்தவற்றைத்தான் நான் சேர்க்கிறேன் என்றாராம். இதைச் சொல்லிப் பலரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. விற்றவர் உடைந்தது என்று சொல்லித்தான் விற்றார்.

மலைச் சாமான்கள் இந்தச் சந்தையில் சீக்கிரமே இடம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. காணாமல் வாங்குவது அந்த உலகத்துக்கு முன்னமே பழக்கம். சியாட்டில் நகரில் லாயிட் ஆண்டர்சன் என்ற மலையேறி, உள்ளூர்க் கடைக்காரர் சொன்ன விலை கட்டாமல், ஆஸ்திரியாவிலிருந்து தபாலிலேயே ஒரு பனிக்கோடரியை மூன்றரை டாலருக்கு வரவழைத்தார். அந்த ருசியில்தான் 1938இல் அவரும் மனைவி மேரியும் நண்பர்களுமாக 23 பேர் கூடி ‘ஆர்.இ.ஐ.’ என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு உலகப் போர் முடிந்ததும் பட்டாளத்துக் கூடாரம், தூங்கும் பை, தண்ணீர்க் குப்பி எல்லாம் உபரிச் சரக்காக மலிந்து வந்தன. ஆகவே பழையதை வாங்குவது இந்தத் துறையில் கௌரவக் குறைச்சல் அல்ல. வாங்கும் சாமானோ வருஷத்துக்கு ஒரு வாரம் உழைத்துவிட்டு மற்ற நாளெல்லாம் பரணில் தூங்குவது.

இன்னொன்று, இவற்றை வார்த்தையால் சொல்லிவிட முடியும். கம்பெனி, மாதிரி, அளவு, எடை சொன்னால் போதும். கோல்மேன் விளக்கின் அடியில் செய்த மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய ‘பிரைமஸ்’ பித்தளை அடுப்பையும் அப்படியே வகை பிரிக்கிறார்கள். நம் கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் இன்று சேகரிப்பாளரின் ஏலப் பொருள். (இடையில் ஒரு செய்தி: அந்தக் காலத்து மேண்டிலை வெள்ளையாக ஒளிர வைத்தது தோரியம். அந்தத் தோரியம் இருக்கும் மோனசைட் மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டது நம் குமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சியில்; அதுவும் ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து!)

ஏலம் நடக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. நான் அதிகபட்சம் கொடுக்கும் விலையை இரகசியமாக எழுதி வைக்கிறேன். எனக்காக யந்திரம் கேட்டுக்கொண்டே போகும். ஜெயித்தால் என் விலையை அல்ல, இரண்டாவதாக வந்தவரின் விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் போதும். இந்த முறையை 1961இல் வில்லியம் விக்ரி கணக்கிட்டு விளக்கினார். 1996இல் நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாளே காலமானார் பாவம். ஆனால் அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகள் 1893லேயே இதைத் தபால் ஏலத்தில் கையாண்டிருக்கிறார்கள். வியாபாரி முதலில் செய்கிறான், பண்டிதர் பிறகு பெயர் வைக்கிறார்!

இ-பேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அதனால் கடைசி நொடியில் வந்து கேட்டுத் தட்டிக்கொண்டு போவது ஒரு கலையாகவே வளர்ந்தது. அக்காலத்தில் அமேசான் நடத்திய ஏலத்தில், கடைசிக் கேள்விக்குப் பின் பத்து நிமிஷம் ஓசையின்றிப் போனால்தான் முடிவு. இரண்டையும் ஒப்பிட்டு ராத், ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, கடைசி நேரப் பாய்ச்சல் இ-பேயில்தான் அதிகம் என்று காட்டியது. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுத்து நிறுத்தும் நம்மூர் ஏலக்காரர் அமேசான் கட்சி. அதுவே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, தொட்டுப் பார்க்க முடியாத சரக்குக்கு யார் ஜாமீன்? 1996 பிப்ரவரியில் ஒமிடியார் ஒரு வழி செய்தார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நாலு பேர் அறிய எழுதி வைக்கலாம். நல்ல பெயருக்கு விலை உண்டா என்று பழைய தபால் அட்டைகளை வைத்தே சோதித்தார்கள். ஒரே மாதிரி அட்டைகளைப் பெயர் பெற்ற ஒரு விற்பனையாளர் தம் பெயரிலும், புதிய பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கிடைத்ததென 2006இல் வெளிவந்தது. வியாபாரிகள் இந்த எண்ணைக் கல்லாப் பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். குறை சொன்னால் பதிலுக்குப் பழி சொல்வார்களோ என்று வாங்குபவர்கள் அஞ்சியதால், 2008 முதல் விற்பவர் வாங்குபவரைக் குறை எழுத முடியாதபடி விதி மாறியது. விற்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நானும் விற்கிற ஜாதிதான். இருந்தாலும் விதி சரி என்பேன். சரக்கை அறிந்தவன் விற்பவன் ஒருவனே.

உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தானின் கள்ளாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது: திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசு விதியை மீறி வணிகம் செய்தல், எடை அளவில் ஏமாற்றுதல், போலியை அசலாக்கி விற்றல். இணைய ஏலத்தின் வழக்குகளைத் திரட்டினால் இந்த ஐந்துக்குள் அநேகமாக அடங்கிவிடும். பெரிய பெயர் ஒட்டிய போலி ஜாக்கெட் ஐந்தாவது. காரிலிருந்து களவு போன முதுகுப் பை இரண்டாவது. பன்னிரண்டு மாதத்தில் 200 விற்பனையும் 5,000 டாலர் வரவும் தாண்டியவர் யார் என்று ஏலக்கூடமே விசாரித்து உறுதி செய்ய வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் 2000இல் மும்பையில் ‘பாஸி’ தொடங்கியது. 2004இல் இ-பே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2017இல் ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்ட் 14இல் மூடியாயிற்று. அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. மட்டும் இராணுவ உபரி உள்பட கழித்த சரக்குகளை இணையத்தில் ஏலம் விடுகிறது. அங்கே ‘உள்ளது உள்ளபடி’தான் எடுக்க வேண்டும், ஆனால் முன்கூட்டியே கிடங்குக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பழைய உரிமை அங்கே பிழைத்திருக்கிறது.

பாட்டகோனியா என்ற கம்பெனி 2011இல் இ-பேயோடு சேர்ந்து, எங்களிடம் வாங்கிய பழைய உடுப்பை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரை அழைத்தது. அதே நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று விளம்பரமும் கொடுத்தது. உடுப்புக்கு அது பொருந்தும். தையல் விட்டிருந்தால் படத்தில் தெரியும். மலையேறும் நைலான் கயிறு அப்படியல்ல. உபயோகிக்காமலே கிடந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்பது தயாரிப்பாளர்கள் வைக்கும் வரம்பு. வெயிலும் பாட்டரி அமிலத்தின் ஆவியும் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் தின்றுவிடும். ஒரு முறை பலமாக அடி வாங்கிய தலைக்கவசமும் அப்படியே. இங்கே விற்பவர் பொய் சொல்கிறார் என்பதில்லை, அவருக்கே தெரியாது. இமயமலைப் பக்கம் கிளம்பும் நம் பிள்ளைகள் கூடாரம், பை, அடுப்பு எல்லாம் ஏலத்திலோ பழையதாகவோ எடுக்கட்டும். கயிறும் தலைக்கவசமும் கடையில், புதிதாக, ரசீதோடு.