இசைவாணையும் பெண் தலைமையும்: எண்ணூரை முன்வைத்து ஒரு வாதம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விடிந்ததும் நீதி கேட்டு உட்கார்ந்தவர்களில் பெண்கள் திரளாக இருந்தார்கள். மகளிர் தின மேடைகள் விரும்பிப் புகழும் காட்சி இது. புகழட்டும். போராட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர் முடிவெடுக்கும் இடத்தில் எங்கே இருக்கிறார் என்பதே என் கேள்வி.

முதலில் குப்பத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும். மரபான ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களின் சபை. காசிமேட்டில் மீனை ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர் பெண். கழிமுகத்தில் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவும் இருளர் பெண்ணுக்குப் படகே கிடையாது. அமோனியா கசிவுக்குச் சில வாரங்கள் முன்பு, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் கலந்தபோது, அரசு அறிவித்த நிவாரணத்தில் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய். கூடையும் பறியும் அந்தக் கணக்கில் தனியே ஏறவில்லை.

சென்னை மாநகராட்சியில் நிலைமை வேறு. தாரா செரியன் 1957இல் மேயரானார். 2022 மார்ச்சில் பிரியா ராஜன் அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் ஆனார். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் 2016இலேயே சட்டமானது. அதே ஆண்டு அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அந்த இடைவெளியில், 2017 ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தது. வாளியால் அள்ளினார்கள். மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட அன்று இல்லை. எண்ணூர்ப் பகுதியின் தனி நகராட்சியாக இருந்த கத்திவாக்கமும் 2011இலேயே சென்னையோடு கரைந்துவிட்டது.

இன்று கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். (சில வார்டுகளில் கவுன்சிலரின் கணவர் பேசுகிறார் என்ற புகாரை நான் மறக்கவில்லை.) இருந்தும், ஆலைக் கழிவுக்கு இசைவாணை தருவதும் மறுப்பதும் அவர்கள் கையில் இல்லை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் அந்த அதிகாரத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்திருக்கிறது. ஆக, பெண்களுக்கு இடம் கிடைத்த மன்றத்தில் இந்த அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள வாரியத்தில் அவர்களுக்கென ஒதுக்கீடு இல்லை.

கவனிக்கப்படாத ஒரு வாசல் அதே சட்டத்தில் இருக்கிறது. 4ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி உறுப்பினர்களிலிருந்து ஐந்து பேர் வரையும், வேளாண்மை, மீன்வளம், தொழில் வணிக நலன்களின் சார்பில் மூன்று பேர் வரையும் வாரியத்துக்கு அரசு நியமிக்கலாம். மாசு என்பது நிபுணர் விவகாரம், குப்பத்துப் பெண்ணுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்தப் பிரிவே பதில்: மீன்வளத்தின் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சட்டம் எழுதப்பட்டது.

எனவே, அடுத்த முறை வாரியத்தை அமைக்கும்போது திருவொற்றியூர் மண்டலப் பெண் கவுன்சிலர் ஒருவரையும், மீன் விற்கும் அல்லது இறால் தடவும் பெண் ஒருவரையும் அரசு நியமிக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.