ஆறாப் புண்ணும் வல்லாரையும்



சலரோகம் என நம்மவர் வழங்கும் நீரிழிவு நோய் தன் கொடுமையைப் பெரிதும் காலிலே காட்டுவது. நரம்பு மரத்தலால் முள் தைத்ததும் தெரிவதில்லை. குருதியோட்டம் குன்றுதலால் சிறு கீறலும் ஆறுவதில்லை. அவ்விடத்தே கிருமி புகுந்து சீழ் பிடிக்குமாயின், ஈற்றில் விரலையோ காலையோ அகற்ற நேரிடும். இத்தகைய புண்ணை மூலிகையால் ஆற்றலாமா என்பது மிகப் பழைய வினா.

சுசுருத சங்கிதை, மேகநோயாளருக்கு உண்டாகும் பிளவைகளுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. புண்ணாற்றும் முறைகள் அறுபது எனவும் அந்நூல் வகுக்கின்றது. அவற்றுள் பச்சிலையும் நெய்யும் எண்ணெயும் உண்டு. கீறுதல், சீழகற்றல், கஷாயத்தாற் கழுவுதல் என்பனவும் உண்டு. இலையை அரைத்து அப்பிவிட்டுக் காத்திருப்பதே பண்டை வைத்தியம் என எண்ணுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

இனி, நாம் சம்பலாக உண்ணும் வல்லாரையின் கதைக்கு வருவோம். இந்து சமுத்திரத்தின் மேற்கோரத்துள்ள மடகஸ்கர் தீவிலும் இச்செடி வளர்கின்றது. 1941ஆம் ஆண்டில் அத்தீவின் வல்லாரையிலிருந்து ஏசியாற்றிக்கோசைட்டு என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பியர் புவாற்றோ என்னும் பிரெஞ்சு அறிஞரும், ரத்சிமமங்கா என்னும் மடகஸ்கர் அறிஞரும் அதனை ஆறாப் புண்களுக்கும் குட்டநோயாளரின் புண்களுக்கும் பயன்படுத்திய வகையை 1956இல் எழுதி வெளியிட்டனர். குட்டநோயிலும் நீரிழிவிலும் பாதம் உணர்விழத்தலே புண்ணுக்கு வாயிலாகின்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1922இல் இன்சுலின் மனிதருக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது. அதன்பின் நீரிழிவுடையோர் நெடுங்காலம் வாழலாயினர். ஆயின் ஆண்டுகள் பல சென்றபின் தோன்றும் காற்புண் அவர்களை விடாது தொடர்ந்தது.

2021ஆம் ஆண்டில் தைவான் அரசு, இப்புண்ணுக்கென ஒரு களிம்பை அங்கீகரித்தது. அதன் மூலப்பொருள்கள் வல்லாரையும், பிள்ளைகளின் சளிக்கு நாம் சாறு பிழிந்து கொடுக்கும் கற்பூரவள்ளியுமே! நீரிழிவுப் புண்ணில் அழற்சியைத் தூண்டும் விழுங்கற் கலங்கள் ஓயாது தொழிற்படுதலால் புதுத் தசை வளர இடமில்லாது போகின்றது. கற்பூரவள்ளிக் கூறு அவற்றை அடக்க, வல்லாரைக் கூறு தசையைச் செப்பனிடும் கலங்களைப் பெருக்குகின்றது என்பர் ஆய்வாளர்.

தைவான், சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலே 236 நோயாளரிடத்து இக்களிம்பு சோதிக்கப்பட்டது. 16 வாரங்களில் களிம்பு பெற்றோருள் நூற்றுக்கு 60.7 பேருக்கும், ஈரமுறிஞ்சும் கட்டு மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 35.1 பேருக்கும் புண் முற்றாக ஆறியது. ஆய்வுக்குப் பொருளுதவியது களிம்பை ஆக்கிய நிறுவனமே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடுத்துக்கொண்ட புண்கள் எத்தகையன? அழுகிய தசை நீக்கித் துப்புரவாக்கப்பட்டவை. ஆழத்திற் சீழ் கட்டாதவை. எலும்பைக் கிருமி பற்றாதவை. சீழ் வடியும் காலுடன் வருவோருக்குச் சத்திர வைத்தியமும் கிருமிகொல்லி மருந்துமே முதலில் வேண்டும். வீட்டுத் தோட்டத்து வல்லாரையோ ஈரமண்ணோடு ஒட்டிப் படர்வது. மண்ணிலே ஏற்புவலிக் கிருமியும் உறையும். அதனை அரைத்துத் திறந்த புண்ணில் வைப்பதும், கூறு பிரித்துத் தூய்மை செய்த களிம்பைப் பூசுவதும் ஒன்றல்ல. அக்களிம்பைப் பெற்றவர்களிலும் பத்தில் நால்வருக்குப் பதினாறு வாரத்துள் புண் முற்றாக ஆறவில்லை.