சூரியனில் நோட்டு, திருத்தணியில் சில்லறை

மே மாத நடுப்பகலில் திருத்தணி மலைப்படிகளைச் சுடும் வெயில், சூரியனின் மேற்பரப்பிலிருந்து புறப்பட்டு 8 நிமிடம் 20 நொடிதான் ஆகியிருக்கும். அது பயணத்தின் கடைசிக் கட்டம் மட்டுமே. அந்த வெயிலுக்குள் இருக்கும் ஆற்றல் பிறந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேல் என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. பிறந்தபோது அது வெயிலாகவும் இல்லை, காமா கதிராக இருந்தது. ஒரே மின்காந்த அலைதான். வழிநெடுக வேடம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

பிறந்த இடம் சூரியனின் நடுவயிறு. அங்கே வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி. நான்கு ஹைட்ரஜன் கருக்கள் படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் கருவாகின்றன. சேரும்போது எடையில் சிறிது குறைகிறது. குறைந்தது ஆற்றலாக வெளிவருகிறது. அதில் பெரும்பங்கு காமா கதிர். பூமியில் இந்தக் கதிரை முதலில் இனங்கண்டவர் பாரிஸில் ரேடியத்தை ஆராய்ந்த பால் வில்லார், 1900-இல். அலைநீளம் ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு. ஆனால் அதன் ஒவ்வொரு துகளும், அதாவது ஒவ்வொரு ஃபோட்டானும், பெரிய நோட்டு. ஒரே ஒரு துகள் போதும், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிய, உயிரணுவின் மரபிழையை அறுக்க. அதனால்தான் அது கொல்லும். அதனால்தான் குணமாக்கவும் செய்யும். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1950-களிலேயே கோபால்ட்-60 கருவி வந்து, அதே காமா கதிரைக் கட்டியின் மேல் குறிவைத்தது.

பிறந்த காமா கதிரால் நேராக வெளியே ஓடிவர முடிவதில்லை. சூரியனின் மையம் தண்ணீரைவிட 150 மடங்கு அடர்த்தியானது. ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் எதன் மேலாவது முட்டி, திசைமாறி, விழுங்கப்பட்டு, மறுபடி உமிழப்படுகிறது. வெளிப்பக்கம் போகப் போக வெப்பம் குறைய, ஒரு நோட்டு பல சிறு நோட்டுகளாக மாறுகிறது. காமா எக்ஸ் கதிராகிறது, எக்ஸ் கதிர் புற ஊதாவாகிறது. ஒளி இப்படிப் பொருளுக்குள் தட்டுத்தடுமாறி நகர்வதைக் கணிதத்தில் கட்டியவர்களில் முதல்வரிசைக்காரர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். கதிர்வீச்சுக் கடத்தல் பற்றிய அவருடைய நூல் 1950-இல் வந்தது.

சூரியனுக்குள் எக்ஸ் கதிராக அலைந்த அந்தப் பருவத்தை மனிதன் தன் ஆய்வகத்தில் கண்டது 1895 நவம்பர் 8 அன்று. வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் கருப்புத் தாளால் மூடிய குழாயில் மின்சாரம் செலுத்தியபோது, தள்ளியிருந்த திரை ஒளிர்ந்தது. சில வாரங்களில் மனைவியின் கை எலும்புகளை, விரலிலிருந்த மோதிரத்தோடு படமெடுத்தார். சென்னை பொது மருத்துவமனையில் இந்தத் துறைக்கென்று பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-இல் தொடங்கியது. ஆரம்பகால எக்ஸ் கதிர் ஊழியர்கள் பலர் விரல்களை இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். ஈய உடுப்பும் தடுப்புச் சுவரும் அவர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தவை.

சூரியனின் மேற்பரப்புக்கு வரும்போது வெப்பம் 5,500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஆற்றலின் பெரும்பகுதி இப்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதற்கு அண்டை வீடான அகச்சிவப்பு, கொஞ்சம் புற ஊதா. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கொண்ட ஒரு காமா துகள் முழுதும் பச்சை ஒளியாக மாறினால், சுமார் 4 லட்சம் ஒளித்துகள்கள் கிடைக்கும். அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, உள்ளே என்ன எரிகிறது என்று துப்பு துலக்கிய இடம் நமக்கு அருகில்தான். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ழான்சென் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் காத்திருந்தார். கிரகண விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. சோடியம் என்று தோன்றியது, ஆனால் இடம் சரியாகப் பொருந்தவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் அதைப் பார்த்த நார்மன் லாக்யர் புதிய தனிமம் என்றார். ஹீலியம் என்று பெயர் வந்தது. நம் கதிரைப் பெற்றெடுத்த அடுப்பில் மிஞ்சும் சாம்பல் அதுவேதான்.

மேற்பரப்பைவிட்டு வெற்றிடத்தில் பாய்ந்ததும் குடும்பம் முழுவதும் சேர்ந்தே பயணிக்கிறது. சூரியனின் வெளிப்புற ஒளிவட்டமான கொரோனா பல லட்சம் டிகிரி வெப்பம் என்பதால் அங்கிருந்து புதிதாக எக்ஸ் கதிர்களும் கிளம்புகின்றன. கூடவே ரேடியோ அலைகள். எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஒளியும் மின்காந்த அலையே என்று 1865-இல் சமன்பாட்டில் சொன்னார் மேக்ஸ்வெல். அதை ஆய்வகத்தில் பொறி பறக்கவிட்டு நிரூபித்துக் காட்டினார் ஹெர்ட்ஸ். ரேடியோ அலை உலகுக்கு அறிமுகமான அந்த 1888-ஆம் ஆண்டில்தான் திருத்தணி மண்ணில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் நுண்ணலையைக் கம்பியில்லாமல் அனுப்பி மணியடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார்.

சூரியனும் ரேடியோ அலை அனுப்புகிறது என்று தெரிந்தது போர்க்காலத்தில். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்கள் திடீரென்று இரைச்சலால் திணறின. ஜெர்மானியரின் சூழ்ச்சி என்று நினைத்தார்கள், ஜே.எஸ். ஹே ஆராய்ந்து, இரைச்சல் சூரியனிலிருந்தே வருகிறது என்றார். அந்த ரேடியோ வானத்தைக் கேட்க கோவிந்த் ஸ்வரூப் குழு நீலகிரியில் ஒரு காது வைத்தது. 1970-இல் செயல்படத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். ஊரின் அட்சரேகையும் மலைச்சரிவும் ஒன்றாக, சுமார் 11 டிகிரி, அமைந்த இடமாகத் தேடிப் பிடித்துப் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒரே அச்சில் திருப்பினாலே போதும், வானப்பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம்.

பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்பாக, நம் கதிர் ஆதித்யா-எல்1 விண்கலத்தைக் கடக்கிறது. திருத்தணியிலிருந்து நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று அது ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. புற ஊதாவைப் படமெடுக்க ஒரு கருவி, எக்ஸ் கதிரை அளக்க இரண்டு கருவிகள் அதில் உண்டு. இவற்றை ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டும்? அடுத்த ஐந்து நொடியில் கதிர் பூமியைத் தொடும்போது அந்தப் பகுதி முழுதாகத் தரைக்கு வந்து சேராது என்பதால்தான்.

எக்ஸ் கதிர்கள் வளிமண்டலத்தின் மேல்தட்டிலேயே விழுங்கப்படுகின்றன. புற ஊதாவில் கொடியதான சி வகையை ஓசோனும் ஆக்சிஜனும் முழுதாக நிறுத்துகின்றன. பி வகையில் பெரும்பங்கு நிற்கிறது. ஏ வகை ஏறக்குறைய அப்படியே இறங்குகிறது. 1801-இல் யேனா நகரில் ரிட்டர் என்ற இளைஞர், வெள்ளி உப்பு ஊதா நிறத்துக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்தில் வேகமாகக் கறுப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்த கதிர் இது. தோலில் வைட்டமின் டி ஊறுவது பி வகையால். தோல் கருகுவதும் மரபிழையில் பழுது விழுவதும் பெரும்பாலும் அதனால்தான். ஆண்டுக்கணக்கில் வயலிலும் சாலையிலும் வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்புரை வர இதுவும் ஒரு காரணம். கொடியில் காயும் பொதட்டூர்பேட்டை லுங்கியின் சாயம் வெளுப்பதும் இந்தக் கதிரின் கைங்கரியமே.

கடைசியில் தரை. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் திருத்தணியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. வானம் தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் வந்து விழும். அதில் பாதிக்குச் சற்று மேல் அகச்சிவப்பு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்து, சிவப்புக்கு அப்பால் இருட்டில் வைத்ததே அதிகம் சூடேறியதைக் கண்டு திகைத்தாரே, அந்தக் கதிர். இதோடு ராயலசீமையைக் கடந்து வரும் வறண்ட காற்றும் சேர்கிறது. கடற்காற்று சென்னையைக் குளிர்வித்து இங்கே வந்துசேரப் பிற்பகல் சாய்ந்துவிடும், சில நாள் வராமலே போகும். 1960-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. வெயில் மட்டும் எல்லை மாறவில்லை. நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வருவது இப்படித்தான்.

அந்த எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வானிலை நிலையங்கள் வெப்பமானியை வெயிலில் வைப்பதில்லை. காற்று புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், தரைக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வைக்கிறார்கள். 106 டிகிரி என்றால் அது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. 365 படிகளில் வெறுங்காலோடு ஏறும் பக்தருக்கு மேலிருந்து நேர் வெயில், கீழே கருங்கல், பக்கத்தில் பாறை. இந்த மூன்றும் அந்த எண்ணில் இல்லை.

பாறை சும்மா சூடாகவில்லை, மாற்றுவேலை செய்கிறது. வாங்கிய ஒளியை அலைநீளம் கூடிய வெப்ப அகச்சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு பச்சை ஒளித்துகள் சுமார் 18 அகச்சிவப்புத் துகள்களாகிறது. மையத்தில் பிறந்த ஒற்றை நோட்டு, மலைப்பாறையில் 70 லட்சத்துக்கும் அதிகமான சில்லறையாகச் சிதறிவிட்டது. நம் உடம்பும் இதே அலையை வீசுகிறது. கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானி அதைத்தான் படித்தது.

இங்கே ஆபத்தின் இரண்டு முகங்களும் தெளிவாகின்றன. ஒன்று, ஒற்றைத் துகளின் பலம்: காமா, எக்ஸ், புற ஊதா. மற்றொன்று, கூட்டத்தின் பலம்: ஒரு அகச்சிவப்புத் துகளால் மரபிழையைத் தொடக்கூட முடியாது, ஆனால் எண்ணற்றவை சேர்ந்தால் வெப்பமடித்து மனிதர் சாகிறார்கள். மாடியில் செல்போன் கோபுரம் வந்தால் தெருவே அஞ்சுகிறது. அந்த அலையின் ஒரு துகள், பச்சை ஒளித்துகளில் ஏறத்தாழ 3 லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் உறுதியாகத் தெரிந்த கேடு, மிக அருகில் மிகுந்த திறனில் ஏற்படும் சூடுதான். அதற்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் இந்த அலைகளை ‘உண்டாக்கக்கூடும்’ என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. சூரியக் கதிரை 1992-லேயே ‘உண்டாக்கும்’ என்ற உறுதிப் பட்டியலில் வைத்துவிட்டது.

சில்லறைக்கு இன்னும் ஒரு பயணம் பாக்கி. இரவில் பாறையும் கட்டடங்களும் அதை வானத்துக்கு வீசுகின்றன. 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அலைகளுக்கு வானம் ஓரளவு சாளரம் திறக்கிறது. அந்தச் சாளரம் வழியாகத்தான் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள்கள் இரவிலும் மேகத்தைப் பார்க்கின்றன. மற்ற அலைகளை நீராவி பிடித்துக்கொள்கிறது; 15 மைக்ரான் பக்கத்தில் கரியமில வாயு பிடித்துக்கொள்கிறது. அது கூடக்கூட, வெளியேறும் வழி அடைபடுகிறது. சிமென்ட் மாடி விடிய விடியச் சுடுவதன் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

மாடிக்கு வெள்ளை அடிப்பதன் அறிவியல் இதில் அடங்கியிருக்கிறது. வெள்ளைப் பரப்பு ஒளியை ஒளியாகவே திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கரியமில வாயு தடுப்பதில்லை. வந்த வழியே போய்விடும். கறுத்த மாடி அதை வாங்கி, மாற்றி, தடைபடும் அலையாக வெளியே விடப் பார்க்கிறது. வெயில் நம் வீட்டில் சில்லறையாகும் முன்பே திருப்பி அனுப்புவதற்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும்.