பெட்டியோடு வந்தவர்

புதுப் போன் வாங்கியவர் கடை மேசையிலேயே பெட்டியைப் பிரித்து, போனைக்கூட ஓரமாக வைத்துவிட்டு, அட்டைத் தட்டைத் தூக்கி அதன் அடியில் விரலால் துழாவுவதைத் தியாகதுருகத்துக் கடைகளில் இப்போதும் பார்க்க முடிகிறது. தேடுவது கிடைக்காது என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆனாலும் தேடி முடியும்வரை அவர் பேசாமல் இருப்பார். பிறகுதான், "சார்ஜர் இப்பல்லாம் கூட வர்றதில்லண்ணே, தனியாத்தான் வாங்கணும்" என்று குரலைத் தணித்துச் சொல்வார். ஹெட்செட்டைப் பற்றி யாரும் கேட்பதுகூட இல்லை. அவர் முன்னமே போய்விட்டார்.

நம் பக்கத்து ஊர்களுக்குச் சார்ஜர் வந்து சேர்ந்தது, நோக்கியா 1100 வந்த 2003-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில். கனத்த உடம்பு, உள்ளே இரும்பைச் சுற்றிய செப்புக் கம்பி, கழற்ற முடியாத கருப்பு வால், நுனியில் தடித்த பின். தலைச்சன் பெண்ணோடு அனுப்பும் சீர்போல அவர் போனோடு வந்தார்; கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை, கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சில ஆண்டுகளில் உடம்பு இளைத்து, பின்னும் ஊசிபோல் மெலிந்தது. அதன்பிறகு டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் அரசு மருத்துவமனை வராந்தாவிலும் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் "பெரிய பின்னா, சின்ன பின்னா?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார்கள். சார்ஜரை இரவல் கொடுத்துத் திரும்பி வராமல் போனதில் முறிந்த உறவுகளும் உண்டு.

அவர் செய்த வேலையின் அருமை தெரிய, மாலை நேரத்து நம் ஊர் மின்சாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். குழல் விளக்கு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரியாமலே நிற்கும், மின்விசிறி நடக்கும், மூலையில் அவர் மட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்குமே, அது வெறும் எழுத்தல்ல. பிற்காலத்துச் சார்ஜர்கள் வீட்டு மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்துத் துண்டித்து, விரல்நுனி அளவு மின்மாற்றி ஒன்றின் வழியே 5 வோல்ட்டாக இறக்கினார்கள். வருவது குறைந்தாலும் கூடினாலும் கொடுப்பதை மாற்றாத குணம் அவருக்கு அப்படித்தான் வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளின் பாதியை மின்வெட்டு தின்ற மாதங்கள் நமக்கு மறக்கவில்லை. கரண்ட் வந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டில் முதலில் பிளக்கில் ஏறியவர் அவர். மிக்சிகூட அவருக்குப் பிறகுதான்.

அவர் நமக்கு அயலாரும் அல்ல. 2006-ல் ஶ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபோது, அதே வளாகத்தில் பின்லாந்தின் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்ய வந்தது. போனும் சார்ஜரும் கூப்பிடு தூரத்தில் பிறந்தார்கள். வடமாவட்டங்களின் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள் அந்த வட்டாரத்து ஆலைகளுக்குப் போய், விடுதியில் தங்கி, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த அந்த ஆலையை எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவித்தது சால்காம்ப்தான். போன் போன வீட்டில் சார்ஜர் குடியேறினார் என்று அப்போது மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டே அவரைப் பெட்டியிலிருந்து இறக்கப்போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

உடல்நலம் கெடத் தொடங்கியது எப்போது என்று இப்போது யோசித்தால், கம்பியும் தலையும் பிரிந்த காலத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது. 2009-ல் பெரிய நிறுவனங்கள் ஐரோப்பாவில் கூடி மைக்ரோ யுஎஸ்பி என்ற பொது வாய்க்கு உடன்பட்டன. நல்ல காரியம்தான், பின் தகராறு தீர்ந்தது. ஆனால் எந்தத் தலையையும் எந்தக் கம்பியோடும் சேர்க்கலாம் என்று ஆனபின், "இவர் இல்லாவிட்டால்தான் என்ன" என்ற கேள்விக்கும் அங்கே வழி திறந்துவிட்டது. கம்பியின் கழுத்து முதலில் பிய்ந்தது. பேனா ஸ்பிரிங்கை மாட்டியும் கருப்பு டேப்பைச் சுற்றியும் நாம் செய்த வைத்தியத்தில் அவர் இன்னும் கொஞ்ச காலம் ஓடினார்.

ஹெட்செட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்கு இரங்கல் எழுதியவர் இல்லை. பாட்டுக் கேட்கும் கருவி என்று மட்டுமே அவரை நினைத்தவர்கள் உண்டு. அவர்தான் வானொலியின் ஏரியல். போனுக்குள் எஃப்எம் இருந்தாலும், காதில் தொங்கும் அந்தக் கம்பி செருகப்படாவிட்டால் இரைச்சல்தான் வரும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் முறையில், மரவள்ளிக்கும் கரும்புக்கும் தண்ணீர் கட்டப் போனவர் ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் போனின் டார்ச் வெளிச்சமுமாக வரப்பில் நடந்தபோது, காதோடு பேசிக்கொண்டு வந்தவர் அவர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போய், வண்டிகளின் வரிசையில் விடியவிடியக் காத்திருந்த டிராக்டர் ஓட்டுநருக்கும் அவரே துணை. விழுப்புரம் பேருந்தில் ஒரே கம்பியின் இரு முனைகளை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் தலை முட்டிக்கொண்ட பையன்களை நினைவிருக்கும். அந்தக் கம்பியின் நீளம்தான் அவர்கள் உட்காரும் நெருக்கத்தைத் தீர்மானித்தது.

அவர் போனவிதம் சத்தமில்லாதது. 2014-ல் இந்தியாவுக்கு வந்த ஷாவ்மி, விலையைக் குறைக்க ஹெட்செட்டைப் பெட்டியில் வைக்காமலே விற்றது. விலையைப் பார்த்து நாமும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக மற்ற நிறுவனங்களும். 2016-ல் ஐபோன் 7 அவர் நுழையும் துளையையே அடைத்தது. 2023 ஏப்ரலில், பேரிடர்க் காலத்தில் உதவும் என்பதால் போன்களில் எஃப்எம் வசதியை முடக்காதீர்கள் என்று ஒன்றிய அரசு நிறுவனங்களுக்கு எடுத்துச் சொன்னது. ஏரியலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு வானொலியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னதை என்னவென்பது!

சார்ஜருக்கு நாள் குறித்தது 2020 அக்டோபர் 13. ஐபோன் 12-ஐ அறிமுகப்படுத்திய அன்று, இனி சார்ஜரும் ஹெட்செட்டும் பெட்டியில் இரா என்று ஆப்பிள் அறிவித்தது. சொன்ன காரணங்களை மறைக்காமல் சொல்லிவிடுவோம். உலகில் ஏற்கெனவே 200 கோடிக்கும் அதிகமான ஆப்பிள் சார்ஜர்கள் இருக்கின்றன, பெட்டி சிறுத்தால் ஒரே தட்டில் 70 சதவீதம் கூடுதலாக அடுக்கலாம், பூமிக்கு நல்லது. இதில் பொய் என்று எதையும் தள்ள முடியாது. தூக்கி எறியப்பட்டதும் தொடாமலே கிடப்பதுமான சார்ஜர்களால் ஆண்டுக்கு 11,000 டன் குப்பை சேர்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியமும் கணக்குச் சொன்னது. ஆனால் அதே ஐபோன் 12 பெட்டியில் வைத்த கம்பியின் மறுமுனை, பெரும்பாலானோர் வீட்டிலிருந்த பழைய சார்ஜரின் வாயில் நுழையாத யுஎஸ்பி-சி. வீட்டில்தான் இருக்கிறதே என்று சொன்னவர்கள், வீட்டில் இருந்ததற்குப் பொருந்தாத கம்பியைக் கொடுத்தார்கள். இதை மட்டும் மனம் ஆறாமல் குறித்துக்கொள்கிறேன். அந்தப் போன் 2021-ல் ஶ்ரீபெரும்புதூரிலேயே கோக்கப்பட்டது என்பதும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. சார்ஜர் பிறந்த ஊரிலிருந்தே சார்ஜர் இல்லாத பெட்டியும் புறப்பட்டது.

முதலில் ஆப்பிளைக் கேலி செய்த சாம்சங், மூன்று மாதத்தில் கேலியை அழித்துவிட்டு எஸ்21-ஐ வெறும் கம்பியோடு விற்றது. அழுதவர்களும் இல்லாமல் இல்லை. தலைக்குக் கதிர்வீச்சு படுவதைக் குறைக்கும் துணைக்கருவி கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இருந்ததால், பிரான்சில் மட்டும் ஐபோன் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, கூடவே ஹெட்செட்டையும் வைத்தார்கள். சட்டம் தளர்ந்ததும் 2022 ஜனவரியில் அதுவும் நின்றது. பிரேசில் அரசு அதே ஆண்டு செப்டம்பரில், சார்ஜர் இல்லாத போன் முழுமையற்ற பொருள் என்று சொல்லி, தன் நாட்டுப் பணத்தில் 1.2 கோடிக்கு மேல் அபராதம் போட்டு விற்பனைக்கும் தடை விதித்தது. நம் ஊரில் யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருக்க வேண்டியவர்கள் கடையில் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது" என்பது இழுப்பறை நிறைந்த வீட்டிலிருந்து பேசப்பட்ட பேச்சு. அந்த 2020-ல்தான் பள்ளிகள் மூடிக்கிடந்து, பாடம் போனுக்குள் வந்தது. கல்வராயன் மலையில் சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்ற காலம் அது. ஆட்டை விற்றோ தோட்டை அடகு வைத்தோ வாங்கிய முதல் போனோடு எத்தனையோ வீடுகளுக்கு முதல் சார்ஜரும் வந்தார். நல்லவேளையாக அன்றைய மலிவு விலைப் போன்களில் அவர் இருந்தார். 2022-ல் சாம்சங்கின் ஏ வரிசையிலும் எம் வரிசையிலும் அவர் இல்லாமல் போனபோதுதான், சாவு மேல்தட்டிலிருந்து நம் தெருவுக்கு வந்தது.

2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்கும் போன்களுக்கெல்லாம் யுஎஸ்பி-சி ஒன்றே வாய் என்பது சட்டம். சார்ஜர் வேண்டாம் என்பவருக்கு அது இல்லாமலே விற்கும் வாய்ப்பையும் அந்தச் சட்டமே கேட்கிறது. அதே ஆண்டு வந்த ஏர்பாட்ஸ் 4 பெட்டியில் கம்பியும் இல்லை. அவர் இடத்தில் இன்று கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் முதுகில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வேலை நமக்கு வந்துவிட்டது. பெட்டியோடு வந்தவரை நாம் ஒருநாளும் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை.

மறைந்தவருக்கு இன்னும் உறவுகள் உண்டு. விவோ, ஓப்போ, ரெட்மி ஆகியவற்றின் விலை குறைந்த பல போன்களில் சார்ஜர் தம்பிமார் பெட்டியோடு வருகிறார்கள். பட்டன் போன் வாங்கும் பெரியவர்களுக்கும் கேட்காமலே கிடைக்கிறார். ஒட்டுவிட்ட பிளக், டேப் சுற்றிய கழுத்து, மங்கிப்போன எழுத்துகளோடு நம் வீட்டு மாடங்களில் இன்னும் உயிரோடிருக்கும் சின்ன பின்காரர்களுக்கு, செருக ஒரு போன்தான் இல்லை.