ஓட்டை சொன்ன உண்மை!

உங்கள் மண்டையோடு ஒரே எலும்பு என்றுதானே நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள்? இல்லை... 22 எலும்புகள்! மூளைக்குக் கவசமாக 8, முகத்துக்கு 14. நரம்பும் ரத்தக்குழாயும் போய்வர ஏகப்பட்ட ஓட்டைகள் வேறு. அவற்றிலேயே பெரியது அடியில் இருக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் கீழே இறங்குகிற பெருந்துளை!

நாலு கால் பிராணிக்கு முதுகெலும்பு பின்னாலிருந்து வந்து தலையில் சேர்கிறது. எனவே துளையும் பின்பக்கம்தான். நமக்கோ, நிமிர்ந்த முதுகெலும்பின் உச்சியில் தலை குடம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, துளை நேர் கீழே!

இந்த வித்தியாசம்தான் 1924-ல் ஒரு மனிதரைத் தூங்கவிடாமல் செய்தது. ரேமண்ட் டார்ட். ஜோகன்னஸ்பர்க்கில் உடற்கூறு பேராசிரியர், வயது 31. டாங் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து அவருக்குச் சில பாறைத் துண்டுகள் வந்தன. மனைவியின் பின்னல் ஊசியைக் கூராக்கி, வாரக்கணக்கில் சுரண்டினார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு கல் விலகியது. உள்ளே... பால் பற்களோடு ஒரு குழந்தை முகம்!

மூளை என்னவோ குரங்கு அளவுதான். ஆனால், பெருந்துளை முன்னால் தள்ளி, அடியில் இருந்தது! 'இது நிமிர்ந்து நடந்த ஜீவன். மனிதனின் மூதாதை ஆப்பிரிக்காவில்தான் தோன்றினான்' என்று 1925 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் எழுதினார் டார்ட்.

லண்டன் மேதைகள் ஏற்கவில்லை. 'வெறும் குரங்குக் குட்டி' என்று ஒதுக்கினார்கள். அவர்கள் கையில்தான் 1912-ல் அறிவிக்கப்பட்ட 'பில்ட்டவுன் மனிதன்' இருந்ததே! பெரிய மூளை, குரங்குத் தாடை, முக்கியமாக இங்கிலாந்துப் பிரஜை! ஆதிமனிதன் தங்கள் ஊர்க்காரன் என்றால் கசக்குமா என்ன?

ஆனால், ஆப்பிரிக்க மண் சும்மா இருக்கவில்லை. வளர்ந்த ஆட்களின் எலும்புகளும் அடுத்தடுத்துக் கிடைத்தன. டார்ட்டை எதிர்த்தவர்களில் முக்கியமானவரான ஆர்தர் கீத், 1947-ல் 'டார்ட் சொன்னதே சரி' என்று ஒப்புக்கொண்டார். 1953-ல் பில்ட்டவுன் குட்டு உடைந்தது. மனித மண்டையோட்டோடு ஒராங் உட்டான் தாடையைச் சேர்த்து, பல்லை ராவி, சாயம் பூசி யாரோ செய்த மோசடி!

நிஜத்தை ஏற்க 22 வருஷம். பொய்யைக் கைவிட 41 வருஷம். நல்லவேளை, டார்ட் 95 வயதுவரை வாழ்ந்தார். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்!