இரண்டு ஈயங்களும் ஒரு வெண்பூச்சும்: வட ஆர்க்காட்டு மட்கலம் கண்ணாடி மெருகை ஏற்காதது ஏன்?

தென்னிந்தியக் குயவருக்குக் கண்ணாடி மெருகு தெரியாது என்னும் கருத்து காலனிய காலக் கைத்தொழில் எழுத்துகளில் பல வடிவங்களில் காணப்படுகிறது. அதே கருத்து இன்றைய கைவினை மேம்பாட்டுத் திட்டங்களிலும் பெயர் மாறித் தொடர்கிறது. மெருகிட்ட கலம் வளர்ச்சியின் மேற்படி, மெருகிடாத கலம் அதன் கீழ்ப்படி என்னும் ஏணிக் கணக்கே இரண்டுக்கும் அடிப்படை. இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பெரும்பகுதியையும் குடியாத்தம், காட்பாடிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த பழைய வட ஆர்க்காட்டு நிலப்பரப்பை எடுத்துக்கொண்டு பார்த்தால் இந்த ஏணி நிற்பதில்லை.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மஜோலிகா எனப்படுவது வெண்ணிற மறைப்பு மெருகு இடப்பட்ட மட்கலம். 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியரின் ஈராக்கில், சீனத்து வெண்கலங்களைக் கண்ட குயவர்கள் அவற்றுக்குரிய வெண்களிமண் தம்மிடம் இல்லாத நிலையில் தம் மண்ணின் நிறத்தை மறைக்க வழி தேடினர். மெருகில் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தால் அது ஒளி ஊடுருவாத வெண்மை பெறும் என்பதே அவர்கள் கண்ட வழி. அந்நுட்பம் வட ஆப்பிரிக்கா வழியே ஸ்பெயினை அடைந்தது. அங்கிருந்து மல்லோர்கா தீவின் வணிகத்தோடு இத்தாலிக்குச் சென்றதால் இப்பெயர் வந்தது என்பது வழக்கமான விளக்கம். காஸ்டெல் துரந்தேயைச் சேர்ந்த சிப்ரியானோ பிக்கோல்பாசோ 1557ஐ ஒட்டி எழுதிய குயத்தொழில் நூலில் இதன் செய்முறை படங்களுடன் உள்ளது. காரீயத்தையும் வெள்ளீயத்தையும் ஒன்றாக உருக்கிச் சாம்பலாக்கி, அச்சாம்பலை மணல் கலந்த கண்ணாடிப் பொருளோடு அரைத்து நீரில் கரைத்தால் பூச்சு கிடைக்கும்.

தமிழ் மாணவர் சற்றே நின்று பார்க்க வேண்டிய இடம் இது. தமிழ் இவ்விரு உலோகங்களையும் ஈயம் என்னும் ஒரே சொல்லில் அடக்கி, கருமை வெண்மை என்னும் அடைகளால் மட்டுமே பிரிக்கிறது. காரீயம், வெள்ளீயம் என்னும் இணை, இரண்டும் ஒருசேரப் புழங்கிய, ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்ட சூழலைக் காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் நூல் முசிறிப் பகுதித் துறைமுகங்களின் இறக்குமதிப் பட்டியலில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதைக் குறிக்கும் ‘கலாய்’ என்னும் சொல் அரபு மொழியின் ‘கல்ஈ’ என்பதிலிருந்து வந்தது. அது அரபுப் பயணிகள் ‘கலஹ்’ என்று குறித்த வெள்ளீயத் துறையின் பெயரடியாகப் பிறந்தது என்பர். அத்துறையைக் கெடாவுடன், அதாவது தமிழர் கடாரம் என்று அழைத்த நிலத்துடன் இணைப்பவர் பலர். இந்த இணைப்பை ஐயமறக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் வெள்ளீயம் தமிழகத்துக்குக் கடல்வழியே வந்த, விலை மிகுந்த பண்டம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆக, மஜோலிகாவின் இரு மூலப்பொருள்களும் தமிழ்ச் சமூகம் நன்கறிந்தவை. அவை மண்ணின் மேல் ஏறவில்லை என்பதே விளக்கம் வேண்டும் செய்தி. வெள்ளீயம் வெண்கலத்துள் கலந்தது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் கலாயாகப் படிந்தது. ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பாயிற்று. உலோகத்தை உலோகத்தின் மேலேயே பூசினர். அறியாமை என்னும் விடை இங்கே பொருந்தாது.

செய்முறையைப் பார்த்தால் காரணங்களுள் ஒன்று தெளிவாகும். வெள்ளீய மெருகு உருகும்போதும் கெட்டியாகவே இருக்கும். காரீயம் மட்டும் கலந்த மெருகு சூளையில் இளகி ஓடித் தன் குறைகளைத் தானே மூடிக்கொள்ளும். வெள்ளீய மெருகு அவ்வாறு ஓடாது. பூசியவரின் கை எங்கே தயங்கியதோ, விரல் எங்கே பட்டதோ, அந்தத் தடம் சுட்ட பின்னும் நிற்கும். ஆகவே சீரான பூச்சு என்பது சூளைக்குள் செல்லும் முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. கலத்தை முதலில் மெருகின்றி ஏறத்தாழ 1000 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்து, தூசியும் எண்ணெய்ப்பசையும் இன்றித் துடைத்து, வடிகட்டிய பூச்சு நீரை உட்புறம் ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்து, பின் வெளிப்புறத்தை ஒரே அசைவில் சில நொடிகள் முக்கி எடுப்பர். மண் நீரைக் குடிக்க, தூள் மேற்பரப்பில் படியும். பிடித்த இடத்தைத் தூரிகையால் நிரப்பி, உலர்ந்த பின் தெரியும் ஊசித்துளைகளை விரல் நுனியால் மெல்லத் தேய்த்து மூடுவர். தூசி இருந்தாலோ பூச்சு தடித்தாலோ சூளையில் அது சுருண்டு விலகி, நடுவில் வெற்று மண்ணைக் காட்டும்.

இம்முறை முழுவதும் ஒரே ஒரு பண்பைச் சார்ந்தது: முதற்சூட்டுக்குப் பின் மண் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பது. மிகக் குறைவாகச் சுட்ட மண் அளவுமீறிக் குடித்து, பூச்சைத் தடிக்கச் செய்யும். மிகையாகச் சுட்ட மண் குடிக்காது, பூச்சு வழிந்துவிடும். வைக்கோலும் விறகும் சுள்ளியும் இட்டு மண்ணால் மூடிய மரபுச் சூளை பெரும்பாலும் 700 முதல் 850 டிகிரி வரையே எட்டும். அதற்குள் சமையற்சட்டிக்கு வேண்டிய பண்புகள் வந்துவிடுகின்றன. அவ்வெப்பத்தில் வெந்த நுண்துளை மண் அடுப்பின் நேரடித் தீயைத் தாங்கும். மேலே கண்ணாடிப் படலம் ஏற்றினால் மண்ணும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, மெருகில் மயிரிழை வெடிப்புகள் விழும். அதனுள் புகும் குழம்பை எந்தச் சாம்பலாலும் துலக்க இயலாது.

தமிழ்ச் சமையலின் சுவையும் இதற்கு எதிராகவே நின்றது. புளி, மோர், எலுமிச்சை, மாங்காய் ஆகிய அனைத்தும் அமிலம். குறைந்த வெப்பத்தில் இட்ட காரீய மெருகை அமிலம் கரைக்கும். கரைந்த காரீயம் உணவில் சேரும். ஈயநச்சு எத்தகையது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மட்கலத் தொழிலாளர் அனுபவித்தனர்; அரசே விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. தென்னாட்டு அடுக்களையில் புளிக்குழம்புக்குக் கல்சட்டியும் மண்சட்டியும் நிலைத்தது இதை முன்னறிந்த ஞானத்தால் என்று சொல்வது மிகை. ஆனால் நிலைத்ததன் விளைவு நல்லதாகவே இருந்தது. தக்காணத்தில் மெருகு வந்தபோது அது அடுக்களைக்கு வரவில்லை என்பதும் கருதத்தக்கது. பீதரில் 1472இல் கட்டப்பட்ட மஹ்மூத் கவானின் மதரஸா முகப்பில் வண்ண மெருகோடுகள் பதிக்கப்பட்டன. சுவருக்குப் புளி படுவதில்லை.

பளபளப்பே இல்லாத மரபு என்றும் இதைக் கொள்ளலாகாது. பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்புக் கலங்களின் மேற்பரப்பு கை வழுக்கும் அளவு வழவழப்பானது. அது கண்ணாடி அன்று; நுண்மண் குழம்பு பூசி, அரைகுறையாகக் காய்ந்த நிலையில் கூழாங்கல்லால் தேய்த்துப் பெற்ற மினுக்கு. தமிழில் ‘மெருகு’ என்னும் சொல்லின் முதற்பொருளும் தேய்த்துப் பெறும் பளபளப்புதான். அச்சொல்லையே கண்ணாடிப் பூச்சுக்கும் இன்று பயன்படுத்துவதால், இரு வேறு நுட்பங்கள் ஒரே நுட்பத்தின் இரு நிலைகளாகத் தோன்றுகின்றன. ஏணிக் கணக்குக்கு மொழியே துணைபோகும் இடம் இது.

திருமலைக் கோயில் வழக்கு ஒன்று இங்கே கூடுதல் வெளிச்சம் தருகிறது. பொன்னும் வெள்ளியும் நிறைந்த அக்கோயிலில் நாள்தோறும் தயிர்சாதம் புதிய மட்கலத்தின் உடைந்த பாதியில் இட்டுப் படைக்கப்படுகிறது. குலசேகரன் படியைத் தாண்டி உள்ளே செல்லும் நிவேதனம் அது ஒன்றே. மண்ணால் பூச்செய்து வழிபட்ட குயவரான குறும்பறுத்த நம்பியின் கதையைத் தலமரபு இதனோடு இணைத்துச் சொல்கிறது. சமூக வரலாற்று நோக்கில் இங்கு முக்கியமானது ‘புதிய’ என்னும் அடை. மண் உறிஞ்சும், ஆகவே ஒருமுறை பயன்பட்ட கலம் மீண்டும் தூய்மை பெறாது, ஆகவே நாளும் புதுக்கலம் வேண்டும். பொங்கலுக்குப் புதுப்பானை, திருமணத்துக்கு அரசாணிப் பானை, ஈமச்சடங்குக்கு உடைக்கும் குடம் ஆகியவற்றிலும் இதே கணக்குதான் இயங்குகிறது. குயவரின் ஆண்டு வருவாயும் கோயில், ஊர் உரிமைகளும் இந்தத் தேய்மானத்தின் மேல் நின்றன. கழுவிக் கழுவிப் பல ஆண்டு புழங்கும் மெருகுக்கலம் வாங்குபவருக்கு ஆதாயம். வனைபவருக்கு அது வேலையிழப்பு.

இத்தனைக்கும் பின் வட ஆர்க்காட்டில் மெருகு வேரூன்றிய ஓர் ஊர் உண்டு. காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரி பச்சை, பழுப்பு, மஞ்சள், நீல நிற மெருகுக்கலங்களுக்காக அறியப்பட்டது. காரீய மெருகில் செம்பு பச்சையையும் இரும்பு மஞ்சள்-பழுப்பையும் தரும். அவ்வகையில் இந்நிறங்கள் இத்தாலிய வெண்மெருகைவிட, லண்டன் நகரின் 1851 கண்காட்சியில் மிண்டன் நிறுவனம் மஜோலிகா என்ற பெயரில் காட்டிய வண்ண மெருகுக்கே நெருக்கமாகத் தோன்றுகின்றன. பெயர் ஒன்றாயினும் அவை இரண்டும் வேறு. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டில், 1850இல். உள்நாட்டுக் களிமண்களையும் கனிமங்களையும் சோதித்துப் பார்ப்பது அவர் பணியின் ஒரு கூறு. கண்காட்சி மேசைக்கு வேண்டிய ஜாடி, தட்டு, பூச்சாடி ஆகியவற்றின் சந்தை இவ்வாறு உருவாயிற்று. கரிகிரிக் கலத்தின் மதிப்பும் அலங்காரப் பொருளாக இருந்ததிலேயே தங்கியது. அதில் யாரும் புளிக்குழம்பு வைக்கவில்லை.

கரிகிரியின் வடமேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் பலமனேர். இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமான பின் பலமனேர் அதனுடன் சென்றது; 1953இல் ஆந்திர மாநிலத்துள் அடங்கியது. அங்கே ஏரி வண்டலைக் குழைத்துச் செய்யும் செம்மண் சிற்பங்களும் கலங்களும் மெருகின்றியே பெயர் பெற்றன. இரும்பு மிகுந்த அம்மண்ணின் சிவப்பே அவற்றின் அழகு. மஜோலிகாவின் முதல் வேலையோ அச்சிவப்பை மறைப்பது. மெருகுப் பயிற்சியை முன்னேற்றம் என்று முன்மொழிவோர் எதை மறைக்கச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். வெள்ளீய ஆக்சைடின் விலை, 1000 டிகிரிக்கு மேல் சீராக நிற்கும் சூளையின் எரிபொருட்செலவு, காரீயமற்ற கண்ணாடிப் பொருளுக்கு ஆலையை நம்பியிருத்தல் ஆகிய மூன்றும் ஏரிமண்ணை நம்பிய தொழிலின் கணக்கைத் தலைகீழாக்கும்.

எல்லையின் இருபுறத்துச் சொற்களும் இந்த வரலாற்றையே வைத்திருக்கின்றன. தெலுங்கின் குண்ட, தமிழின் குடம், சட்டி, பானை ஆகியவை தீயில் வைக்கும் மெருகற்ற கலங்களின் பெயர்கள். மெருகுக்கலத்தின் பெயரோ கப்பலேறி வந்தது. பாரசீகத்தின் ‘பிங்கான்’ அரபில் காப்பிக் கிண்ணத்தைக் குறிக்கும் ‘ஃபின்ஜான்’ ஆனது. தெலுங்கில் பிங்காணி, தமிழில் பீங்கான். புளிப்பையும் உப்பையும் ஆண்டுக்கணக்கில் தாங்க, உயர்வெப்பத்தில் சுட்ட கெட்டிமண் ஜாடி சந்தைக்கு வந்தபோதுதான் சித்தூர் வீடுகளின் ஆவக்காயும் வேலூர் வீடுகளின் மாவடுவும் மெருகுக்கலத்துள் குடியேறின. அப்போதும் அது பரணில் இருந்தது. அடுப்பின் மேல் ஏறவில்லை.