படைக்கு ஆகாதவர்கள்: ஒரு செங்கற்பட்டுச் சுபேதாரின் சாவும் பழவேற்காட்டுக் கரையின் மறதியும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே பதவியும் பணமும் உடையோரின் பெயர்கள். கிராமத்துச் சிப்பாயைத் தேடுவோர் வேறிடம் போகவேண்டும்.

வேறிடம் தொலைவில் இல்லை. பழவேற்காடு அடங்கிய பொன்னேரி வட்டம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்துக் கீழ ஒட்டிவாக்கத்தில் 1912இல் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். அவர் சேர்ந்தது காலாட்படையில் அன்று, மதராஸ் சேப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1885 முதல் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், நெடுநாள் அமைதியில் தென்னாட்டான் மழுங்கிவிட்டான் என்று தீர்ப்பெழுதினார். 'போர்க்குடி' என்ற அந்தக் கொள்கையால் மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன; 1920களின் இறுதியில் எஞ்சியதும் போயிற்று. பாலம் கட்டவும் பாதை வெட்டவும் மட்டும் தமிழன் வேண்டியிருந்தான். எனவே சேப்பர்ஸ் பிழைத்தது. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில், ஆள் போதாமல், மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. மழுங்கியவன் எப்படித் திடீரென்று கூர்மையானான் என்று யாரும் விளக்கவில்லை.

1944 பிப்ரவரியில் 4ஆவது இந்தியப் படைப்பிரிவு இத்தாலியில் கசினோ மலையடியில் சிக்கிக்கிடந்தது. அதன் பொறியாளர் பிரிவான 11ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியில் சுப்பிரமணியன் இருந்தார். பிப்ரவரி 24 அன்று, கசினோவுக்குத் தெற்கே மின்யானோ அருகே, கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திச் சென்றார். கருவி ஏந்தி முன்னே போனவரின் கால் ஒரு கண்ணியில் பட்டது. ஜெர்மானியரின் அந்த வகைக் கண்ணி மிதித்தவுடன் வெடிக்காது. சில நொடி தாமதித்து, இடுப்புயரத்துக்கு எழும்பி, நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளைச் சிதறும். அந்த நொடிகளில் ஓடித் தப்ப முயலலாம், தரையில் படுக்கலாம். அவர் கண்ணியின்மேல் விழுந்து அதைத் தம் உடலால் மூடினார். உடன் வந்தவர்கள் பிழைத்தார்கள்.

மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. 1940இல் ஏற்படுத்தப்பட்ட இவ்விருது, எதிரியின் நேர்முன் நிகழாத வீரச்செயல்களுக்கு உரியது. விதி எல்லாருக்கும் பொது. வெள்ளையரான பொறியாளரும் இதே விருதுதான் பெற்றனர். ஆயினும் விளைவைப் பார்க்கவேண்டும். போர்க்குடி அல்லாதவன் என்று கருவிப்படைக்கு அனுப்பப்பட்ட ஒருவரின் சாவு, பதிவேட்டிலும் போர்முனைக்கு வெளியே நிகழ்ந்த சாவாகவே வரிசைப்பட்டது. எதிரி புதைத்த கண்ணியை எதிரி அல்ல என்று சொல்வது எனக்கு ஏற்புடையதன்று.

சுப்பிரமணியனையாவது விருது மறதியிலிருந்து காப்பாற்றியது. மற்றவர் நிலை என்ன? முதல் உலகப்போருக்குப் பின் ஊர்களில் நட்ட கற்கள், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று எண்ணிக்கையோடு முடிந்தன. பல்லவர் காலச் செங்கம் நடுகற்களோ, ஆநிரை மீட்டு மாண்டவனின் பெயரையும் அரசனின் ஆட்சியாண்டையும் சேர்த்தே பொறித்தவை. பெயரெழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாம் உலகப்போரில் மாண்ட இந்தியர் சுமார் 87,000 பேர். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையப் பதிவேடுகள் பல வீரர்களின் தந்தை பெயரையும் ஊரையும் மாவட்டத்தையும் குறிக்கின்றன. செங்கற்பட்டு என்று குறித்தவற்றைப் பிரித்து, பொன்னேரி வட்டத்து ஊர்களோடும் ஏரிக்கரைக் குப்பங்களோடும் ஒப்பிட்டுப் பட்டியலிடுவது ஆய்வு மாணவர் ஒருவரால் ஆகிற வேலை. பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இதை மேற்கொள்ள வேண்டும்.